கண்ணாடியில் வரைந்த வீச்சு

ஸ்ரீவில்லிபுத்தூர்,
சித்திரை மாதம், கடைசி வெள்ளி.

தம்பி பாண்டிதுரைக்கு அண்ணன் எழுதுவது.

உன் வீச்சை மாற்றிவிட்டாய். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நீ செய்த தவறு இது. நலம் விசாரிப்பதைப் பின்னால் வைத்துக்கொள்கிறேன்.

போனில் கேட்டிருக்கலாமே என்பாய். போனில் கேட்டால் நீ சிரிப்பாய். சிரித்துவிட்டு, மதினிக்குச் சர்க்கரை எவ்வளவு இருக்கிறது, கடையில் வியாபாரம் எப்படி என்று பேச்சை வேறு பக்கம் கொண்டுபோவாய். கடிதத்தில் அது நடக்காது. கடைசி வரி வரை நீ படித்துத்தான் ஆக வேண்டும். இதனுடன் டிரேசிங் தாள்கள் வைத்திருக்கிறேன். மடிப்பில் கிழியாமல் பிரி.

நான் எப்படிப் பார்க்கிறேன் என்பது உனக்குத் தெரியும். இருந்தாலும் எழுதிவைக்கிறேன். தெரியாது என்று பிற்பாடு நீ சொல்லக்கூடாது. நீ ஆடும் போட்டி எதுவானாலும் பக்கத்துச் செல்போன் கடை பீர் முகமது அதை இறக்கி, மெதுவாக ஓடும்படி செய்து, என் கடை டிவியில் போட்டுத் தருவார். வேண்டிய இடத்தில் நிறுத்துவேன். படத்துக்குப் போடுகிற கண்ணாடி ஒன்றை டிவி மேல் ஒட்டினாற்போல் வைத்து மார்க்கர் பேனாவால் வரைவேன். பாதம் இரண்டு, இடுப்புக்கு ஒரு கோடு, தோளுக்கு ஒரு கோடு, முதுகுக்கு ஒன்று, தலைக்கு ஒரு வட்டம், மட்டைக்கு ஒரு கோடு. முகம் வரைவதில்லை. முகம் பொய் சொல்லும். கண்ணாடியிலிருந்து டிரேசிங் தாளில் நகல் எடுப்பேன். பழைய தாளையும் புதிய தாளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் எது மாறியது என்று தெரிந்துவிடும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கோல்ஃப் மட்டையை நான் கையால் தொட்டதுகூட இல்லை. தொட்டவர்கள் எல்லாம் பார்க்கிறார்களா என்ன?

கொல்கத்தாவில் நீ கோப்பை வாங்கிய வருடத்து வீச்சைத்தான் நான் மூலமாக வைத்திருக்கிறேன். அதில் பந்துக்கு முன்னால் நிற்கும்போது உன் எடை இரண்டு காலிலும் சமமாக இருக்கும். வலது கை மட்டையில் கீழே பிடிப்பதால் வலது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும், அது சரி. மட்டையை மேலே கொண்டுபோகும்போது உன் இடது குதிகால் மண்ணை விட்டு எழும். உச்சியில் ஒரு கணம் நிற்பாய். பிறகு மட்டை இறங்குவதற்கு முன்பே அந்தக் குதிகால் இறங்கி மண்ணில் பதியும். அதுதான் தொடக்கம். குதிகால் பதிந்த பிறகு இடுப்பு திரும்பும், இடுப்பைத் தொடர்ந்து தோள், எல்லாவற்றுக்கும் கடைசியில் கை. இடது கால் ஒரு கதவின் கீல் மாதிரி. உடம்பு முழுவதும் அதைப் பிடித்துக்கொண்டு சுழன்று, முடிவில் நீ அந்த ஒரு காலில் நிற்பாய். வலது கால் விரல்நுனி மட்டும் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும். பந்து எங்கே விழுகிறது என்று கேமராக்காரன் தேடுவான். நான் உன் காலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். பந்து விழுந்த பிறகும் அது அசையாமல் நிற்கும்.

இப்போது என்ன நடக்கிறது என்று தாள்களைப் பார். நிற்கும் தாளை எடுத்துக்கொள். முன்பு நேராக நின்றவன் இப்போது இடது பக்கமாகச் சாய்ந்து நிற்கிறாய். தோள்கோடு இடப்பக்கம் இறங்கியிருக்கிறது. பந்தை அடிப்பதற்கு முன்பே எடை முழுவதையும் இடது காலில் ஏற்றிவிட்டாய். அப்படி ஏற்றியதால் உச்சியில் குதிகால் எழவே இல்லை, பார். குதிகால் எழாததால் மட்டையும் தோள் உயரத்தோடு நின்றுவிடுகிறது. அடித்து முடித்ததும் உன்னால் நிற்க முடியவில்லை. வலது காலை எடுத்து முன்னால் வைத்து, ஏதோ கடைக்குப் போகிறவன் மாதிரி நடந்துவிடுகிறாய். பந்து முன்பு போன தூரம் போகவில்லை. வியாழன், வெள்ளி ஆட்டத்தோடு உன்னை வெளியேற்றிவிடுகிறார்கள், ஞாயிற்றுக்கிழமைக் கடைசி ஆட்டம் நீ இல்லாமலே முடிகிறது.

இடது காலிலேயே எடையை வைத்து அடிக்கிற ஒரு பாணி இருக்கிறது என்று இணையத்தில் பார்த்தேன். வெளிநாட்டில் சிலர் அப்படி அடித்திருக்கிறார்கள். அவர்கள் உடம்பு வேறு. உனக்கு அதை யார் சொன்னது?

இன்னொன்றும் கேட்க வேண்டியிருக்கிறது. பங்குனி உத்திரத்துக்குச் சுந்தரபாண்டியம் கோயிலுக்கு வந்தாய். நம் சாமி முன்னால் பந்தி என்றால் மணலில்தான். கலெக்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறவனும் மணலில்தான் உட்காருகிறான், மாடு மேய்க்கிறவனும் மணலில்தான். எல்லோரும் உட்கார்ந்த பிறகு நீ நாற்காலி இருக்கிறதா என்று கேட்டாய். தவசிமுத்து மாமா சும்மா இருப்பாரா? “ஏலே பாண்டி, பெங்களூரு தொரைக்கு மண்ணு ஒட்டிக்கிடுமோ?” என்றார். பந்தி முழுவதும் சிரித்தது. நீயும் சிரித்துவிட்டு, “பசிக்கல மாமா” என்று காருக்குப் போய்விட்டாய். சாமி சாப்பாட்டை இலையிலேயே விட்டுவிட்டுப் போனவன் நம் வம்சத்தில் நீ ஒருவன்தான். நான் உன் இலையை மூடிவிட்டுச் சாப்பிட்டேன். ருசியாக இல்லை.

வீச்சிலும் பழசு வேண்டாம், பந்தியிலும் பழசு வேண்டாம் என்றால் அதைச் சொல்லிவிடு.

மதினிக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. கோடை மழை ஒரு நாள் நன்றாகப் பெய்தது. ராஜபாளையத்தில் உன் வீட்டுப் பக்கம் போகவில்லை. மாரிச்செல்வியைப் பார்த்துச் சில வாரம் ஆகிறது. நீ நலமாக இருக்க வேண்டும் என்று சாமியைக் கேட்டிருக்கிறேன்.

அண்ணன்,
சௌந்தரபாண்டியன்.


ஸ்ரீவில்லிபுத்தூர்,
வைகாசி முதல் வாரம்.

பெங்களூரில் கோல்ஃப் பயிற்சி தரும் சுமையா அவர்களுக்கு வணக்கம்.

என்னை உங்களுக்குத் தெரியாது. உங்களிடம் பயிற்சி பெறும் பாண்டிதுரையின் மூத்த அண்ணன் நான். உங்களுக்குச் சொந்த ஊர் கடையநல்லூர் என்று தெரிந்ததால் தமிழில் எழுதுகிறேன். முகவரியை நண்பர் பீர் முகமது தேடித் தந்தார்.

என் தம்பியின் வீச்சைக் கெடுத்துவிட்டீர்கள். இதை நான் ஊகத்தில் எழுதவில்லை. அவனுக்குக் கடிதம் எழுதிக் கேட்டேன். அவன் போனில் கூப்பிட்டு, “அட அண்ணே, அது புதுப் பாணி. கோச் சொல்லித் தந்தது. இப்ப எல்லாவனும் இப்படித்தான் அடிக்கான்” என்றான். ஆகவே இது உங்கள் வேலைதான் என்று தெரிந்துகொண்டேன்.

நீங்கள் படித்தவர். உடம்பின் எலும்புக்கும் தசைக்கும் பெயர் தெரிந்தவர். எனக்குத் தெரியாது. ஆனால் நாற்பத்தைந்து வயதுக்காரனை நடு வழியில் நிறுத்தி வேறு ஆளாக்கப் பார்ப்பது சரியில்லை என்பதற்குப் பெயர் தெரிய வேண்டியதில்லை. அவன் பள்ளிக்கூடத்தில் படித்தவன் இல்லை. இராணுவத்தில் இருந்த உக்கிரபாண்டி சித்தப்பா கூட்டிக்கொண்டுபோய், அதிகாரிகள் ஆடும் மைதானத்தில் பை தூக்கும் வேலையில் சேர்த்துவிட்டார். பை தூக்கியபடியே பார்த்துப் பழகியது அவன் வீச்சு. அது முழுக்க அவனுடையது. அதை எடுத்துவிட்டால் அவனிடம் என்ன இருக்கிறது?

தாள்களின் நகல் இணைத்திருக்கிறேன். நிற்கும் நிலையில் இடது பக்கம் எவ்வளவு சாய்கிறான் என்று பாருங்கள். அடுத்த மாதப் போட்டிக்குள் பழைய வீச்சை அவனுக்குத் திருப்பிக் கொடுத்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். அந்தப் போட்டியில் முன்னணியில் வராவிட்டால் அடுத்த ஆண்டு அவனுக்கு ஆட இடமில்லை என்கிறார்கள். அப்படி ஆனால் அதற்கு நீங்களே பொறுப்பு.

தங்கள் குடும்பத்தார் நலமாக இருக்கட்டும்.

இவண்,
சௌந்தரபாண்டியன்,
படச்சட்டம் மற்றும் கண்ணாடிக் கடை.


ஸ்ரீவில்லிபுத்தூர்,
வைகாசி கடைசி.

தம்பி பாண்டிதுரைக்கு,

போன கடிதத்தில் எழுதிய குற்றச்சாட்டைத் திரும்பப் பெறுகிறேன். சரியான குற்றச்சாட்டு இதுதான். உன் இடது கால் கெட்டுப்போயிருக்கிறது. அதை எங்களிடம் மறைத்தாய். மறைப்பதற்காக, செய்யாத காரியத்தை ஒரு பெண்பிள்ளையின் தலையில் போட்டாய். உன் வார்த்தையை நம்பி நானும் அவருக்கு எழுதிவிட்டேன்.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். முறையாகச் சொல்கிறேன்.

சுமையா கடைக்குப் போன் செய்தார். போனை மேஜைமேல் வைத்து எல்லோருக்கும் கேட்கும்படி செய்துவிட்டு பீர் முகமது பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அந்தக் கடிதத்தை அனுப்புவதற்கு முன்பே, “அண்ணாச்சி, வக்கீல் நோட்டீஸ் மாதிரில்லா எழுதியிருக்கிய” என்று சொல்லியிருந்தார். அதனால் அவருக்கு ஆவல்.

சண்டைக்கு நான் தயாராகத்தான் இருந்தேன். அந்தப் பெண் சண்டை போடவில்லை. “ஐயா, லெட்டரு பூராத்தையும் படிச்சேன். வஞ்சதெல்லாம் இருக்கட்டும். கோடு நல்லா போட்டிருக்கிய. ஆனா, நிக்கிற படம் இருக்குல்லா, புதுசு, அந்த ஒரு தாள மட்டும் திருப்பி வெளிச்சத்துல புடிச்சுப் பாருங்க” என்றார். எதற்கு என்று கேட்டேன். “அதுக்கு மேல நான் பேசக்கூடாது ஐயா. அவரு எங்கிட்ட வர்றத நிறுத்தி ரொம்ப நாளாச்சு. நான் ஒண்ணு சொன்னேன், அவரு கேக்கல. என்ன சொன்னேன்னு அவருகிட்டத்தான் நீங்க கேக்கணும்” என்று சொல்லிவிட்டு, உன் மதினியை விசாரித்ததாகச் சொல்லும்படி சொல்லி வைத்துவிட்டார்.

“அண்ணாச்சி, அந்தப் புள்ள சொல்லுதத ஒரு தடவ செஞ்சுதான் பாருங்களேன்” என்றார் பீர் முகமது.

தாளைத் திருப்பினேன்.

என்ன நடந்தது என்றால், கடையில் கண்ணாடிக்குக் குறி போடுவது எப்போதும் பின்பக்கத்தில்தான். குறி போட்டு, திருப்பி, நல்ல பக்கம் முன்னால் தெரியும்படி சாய்த்து வைப்போம். உன் மற்ற நிலைகளை எல்லாம் வரைந்த கையோடு நகல் எடுத்துவிட்டேன். நீ நிற்கும் நிலையை வரைந்து முடித்த நேரம் செட்டியார்பட்டியிலிருந்து கல்யாணப் படத்துக்குச் சட்டம் போட ஆள் வந்துவிட்டார்கள். கண்ணாடியைக் கடைக் கண்ணாடிபோலத் திருப்பிச் சாய்த்து வைத்துவிட்டு அவர்களைக் கவனித்தேன். பிறகு எடுத்து அப்படியே நகல் எடுத்தேன். முகம் வரைந்திருந்தால் உடனே தெரிந்திருக்கும். இடது வலதாகிவிட்டது. கண்ணாடிதான் திரும்பியது. என் கோடுகளில் தவறு இல்லை.

ஆக, நீ இடது பக்கம் சாயவில்லை. வலது பக்கம் சாய்ந்து நிற்கிறாய். இடது காலில் எடை வைக்கவே இல்லை. இது எந்த வெளிநாட்டுப் பாணியும் இல்லை. உடைந்த காலை வைத்துக்கொண்டு கோழி நிற்கிற பாணி.

அதன்பிறகு எல்லாத் தாள்களையும் மறுபடி பார்த்தேன். தாளில் இருந்தது ஒன்றும் மாறவில்லை. காரணம்தான் எல்லாவற்றுக்கும் மாறிப்போனது. உச்சியில் குதிகால் ஏன் எழவில்லை? எழுந்தால் திரும்ப இறக்கிப் பதிக்க வேண்டும். பதித்தால் வலிக்கும். அடித்து முடித்ததும் வலது காலை ஏன் முன்னால் எடுத்து வைக்கிறாய்? இடது கால் உடம்பைச் சுமக்கும் நேரத்தைக் குறைப்பதற்கு. பந்து ஏன் தூரம் போகவில்லை? கீல் இல்லாமல் கதவை ஓங்கி அடைக்க முடியாது. கையால் மட்டும்தான் அடிக்கிறாய்.

முழங்காலா இடுப்பா என்று தெரியவில்லை. வீச்சில் அது பிடிபடவில்லை. அதனால் வீச்சை விட்டுவிட்டு, யாரும் பார்க்காத இடத்தைப் பார்த்தேன். குழியில் விழுந்த பந்தை எடுக்கிறாயே, அந்த இடம். கொல்கத்தாவில் இடது காலில் நின்று, வலது காலைப் பின்னால் தூக்கி, கொக்கு மாதிரிக் குனிந்து எடுத்தாய். இப்போது மட்டையைக் கைத்தடிபோல ஊன்றிக்கொள்கிறாய். வலது காலில் நிற்கிறாய். இடது காலைப் பின்னால் நீட்டிவிடுகிறாய். முழங்கால் மடங்குகிறது, அதில் குறை தெரியவில்லை. தொடைதான் இடுப்பை நோக்கி வர மறுக்கிறது. ஆகவே இடுப்பு மூட்டு என்று முடிவு செய்திருக்கிறேன். டாக்டர் வேறு சொன்னால் அவர் சொல்வதை வைத்துக்கொள்ளலாம்.

டாக்டரை நீ ஏற்கெனவே பார்த்திருக்கிறாய் என்பதும் தெரிகிறது. வியாழக்கிழமை ஆட்டத்தில் வீச்சு ஓரளவு தேறியிருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலைக்குள் பழையபடி ஆகிவிடுகிறது. போட்டிக்கு முந்தின நாள் ஊசி போட்டுக்கொள்கிறாய் என்று நினைக்கிறேன். இல்லை என்றால் இல்லை என்று எழுது. எழுத்தில் எழுது.

அன்றைக்கே உனக்கு வீடியோவில் கூப்பிட்டேன். நினைவிருக்கும். இடது காலில் மட்டும் செத்த நேரம் நின்று காட்டு என்றேன். நீ, “அண்ணே, சிக்னல் இல்ல, கட்டாவுது” என்றாய். உன் பின்னால் மின்விசிறி தெளிவாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

மறுநாள் ராஜபாளையம் போனேன். மாரிச்செல்விக்குத் தெரியுமா என்று பார்க்கத்தான் போனேன். தெரியாது. காப்பி கொடுத்தது. உன்னைப் பற்றிப் பேச்சு வந்தபோது, நீ ஊருக்கு வந்தால் என்ன ஷூ போடுகிறாய் என்று கேட்டேன். “கட்டுற ஷூவெல்லாம் பரண்ல கெடக்கு அத்தான். போன தடவ கால நுழைச்சுக்கிற மாதிரி ஒண்ணு வாங்கிட்டு வந்தாவ. குனிஞ்சு கட்ட நேரமில்லையாம் அவியளுக்கு” என்று சொல்லிச் சிரித்தது. சிரித்து முடித்ததும், “எதுக்கு அத்தான் கேக்கிய?” என்றது. விளம்பரத்தில் நல்ல ஷூ ஒன்று பார்த்தேன், தம்பிக்கு வாங்கலாம் என்று நினைக்கிறேன் என்றேன். பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் அளவு கேட்க மறந்துவிட்டேன். உன் மனைவி முட்டாள் இல்லை. நான் பஸ் ஏறும் வரை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியவன் நான் இல்லை.

வரும் வழியில்தான் பங்குனி உத்திரப் பந்தி நினைவுக்கு வந்தது. நீ நாற்காலி கேட்டது. மணலில் உட்கார உன்னால் முடியாது. உட்கார்ந்தாலும் எழுந்திருக்க முடியாது. எழுப்பிவிட ஒரு ஆள் கை கொடுக்க வேண்டியிருக்கும். எல்லோரும் பார்ப்பார்கள். அதனால் பசிக்கவில்லை என்றாய். சாமி முன்னால் பசிக்கவில்லை என்று பொய் சொல்வதைவிட, வலிக்கிறது என்று உண்மை சொல்லியிருக்கலாம். நான் பக்கத்து இலையில்தான் இருந்தேன்.

ஏன் மறைத்தாய் என்பது மட்டும் எனக்குத் தெரியவில்லை. தாளில் வரைந்து பார்க்கிற விஷயம் இல்லை அது. சாப்பிடும்போது உன் மதினியிடம் சொன்னேன். அவள், “ஒங்களுக்காகத்தான் சொல்லியிருக்க மாட்டான். அவன் ஆட்டத்த விட்டுட்டா நீங்க என்னத்தப் பாப்பிய?” என்றாள். அவள் எதையாவது சொல்வாள். ரசம் ஆறிப்போயிருந்தது.

அடுத்த மாதப் போட்டியை ஆடினால்தான் அடுத்த ஆண்டு இடம் என்பது எனக்கும் தெரியும். ஆடினால் இடம் கிடைக்குமா என்று பார்த்தேன். கிடைக்காது. இந்தக் காலோடு கிடைக்காது. கிடைத்தாலும் அந்த இடத்தில் நிற்க உனக்குக் கால் இருக்காது. உனக்கு ஆறுதல் சொல்வதற்காகவோ பயமுறுத்துவதற்காகவோ இதை எழுதவில்லை. தாள்களை வைத்துப் பார்த்ததில் தெரிந்தது இது.

இனி ஆக வேண்டிய காரியங்கள்.

போட்டியிலிருந்து விலகுகிறேன் என்று நீ உன் கையால் எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கு முன்னால் ராஜபாளையம் வந்து மாரிச்செல்வியிடம் உன் வாயால் சொல்ல வேண்டும். போனில் சொல்லக்கூடாது. வரும்போது பஸ்ஸில் வராதே, ரயிலில் கீழ்ப்படுக்கை போட்டு வா.

எந்த டாக்டர், எந்த ஊர், அறுவை சிகிச்சை வேண்டுமா, எப்போது என்பதை எல்லாம் சுமையா சொல்ல வேண்டும். நீ அவர் சொல்வதைக் கேட்க வேண்டும். முன்பே ஒரு தடவை சொல்லிக் கேட்காமல் விட்டிருக்கிறாய். அவரிடம் பேசும்போது, நான் அனுப்பிய கடிதத்தைத் தபாலில் திருப்பி அனுப்பிவிடச் சொல். அது அவர் கையில் இருக்க வேண்டாம். தாள்களை அவர் வைத்துக்கொள்ளலாம். கோடு நன்றாக இருக்கிறது என்று சொன்னார்.

ஆஸ்பத்திரியில் நீ இருக்கும் நாள்களில் உன் மதினி வந்து மாரிச்செல்விக்குத் துணையாக இருப்பாள். சொல்லிவிட்டேன். பையை இப்போதே எடுத்து வெளியில் வைத்திருக்கிறாள்.

தவசிமுத்து மாமாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். கேலி செய்ததற்கு வருத்தம் என்று உன்னிடம் வாயால் சொல்ல மாட்டார், அவர் குணம் உனக்குத் தெரியும். அடுத்த தடவை பார்க்கும்போது அவர் தோட்டத்து மாங்காய் ஒரு மூட்டை தருவார். வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கிக்கொள்.

பீர் முகமது இனிமேல் போட்டிகளை இறக்கித் தர வேண்டியதில்லை. அவரிடம் சொன்னபோது, “சரி அண்ணாச்சி” என்றவர் என் கடை டிவியின் வயரைக் கழற்றிச் சுருட்டி வைத்துவிட்டுப் போனார்.

உன் வீச்சு இருக்கும் கண்ணாடிகளைத் துடைத்துவிடுவேன். நல்ல கண்ணாடி, வீணாகக்கூடாது. கல்யாணப் படங்களுக்கு ஆகும். கொல்கத்தாக் கண்ணாடிகளில் ஒன்றை மட்டும், நீ இடது காலில் நின்று முடிக்கிறாயே அதை, துடைக்கவில்லை. அதன் அளவுக்குச் சட்டம் இன்னும் வெட்டவில்லை.

நீ எழுந்து நடக்க ஆரம்பித்ததும், ஊன்றுகோலோடு நடந்தாலும் பரவாயில்லை, அதை வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். முன்பக்கத்திலிருந்து எடுக்கச் சொல். பாதம் வரை தெரிய வேண்டும். பகல் வெளிச்சத்தில் எடுக்க வேண்டும். செல்ஃபி எடுக்கிற பக்கம் வேண்டாம், சில போனில் அது இடதை வலதாக்கும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொள். நான் வரைந்து பார்க்க வேண்டும்.

வருகிற பங்குனி உத்திரத்துக்குச் சுந்தரபாண்டியம் பந்தியில் நாற்காலி போடப்படும். கோயில் நிர்வாகத்தில் கேட்டுவிட்டேன், கூடாது என்றார்கள். கூடாது என்றாலும் போடப்படும். கடையிலிருந்து நானே கொண்டுவருவேன். இரண்டு நாற்காலி. ஒன்று உனக்கு. இன்னொன்றில் நான் உட்காருவேன். சிரிக்கிறவர்கள் இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்துக்கொள்ளட்டும்.

சாமி உன் காலுக்குத் துணையிருக்கட்டும். நீ சாப்பிட வந்து சேர்.

அண்ணன்,
சௌந்தரபாண்டியன்.